சூடேறாத சுவர்

"அடுப்பைப் பத்தவைடி" என்றார் அர்னோல்ட், கட்டிலில் நடுங்கியபடி.

மாரிகா திரும்பவில்லை. கரணையால் சுவரில் களிமண் பூச்சை இழுத்துக்கொண்டே, "ரெண்டு நாள் பொறுங்கப்பா. ஈரத்துல சூடு ஏத்தினா வெடிச்சிடும். மறுபடி புகை வரும்" என்றாள்.

அந்தச் சுவருக்குள்தான் புகைபோக்கி வளைந்து வளைந்து மேலேறியது. சமையலறை அடுப்பில் விறகு எரிந்தால், இந்தப் பக்கம் படுக்கையறை கதகதப்பாகும். சுவர் பளபளக்க வேண்டுமென்று எண்ணெய்ப் பெயின்டை வருஷா வருஷம் அப்பிய மகராசன் அர்னோல்டேதான். சூட்டில் அது உரிந்து, அடியில் விரிசல் விட்டு, கசிந்த புகை அவர் நெஞ்சையே பிடித்தது.

"ஹீட்டர் இருக்குல்ல?" என்றாள் மாரிகா.

"அது மூஞ்சியைச் சுடுது. எனக்கு முதுகு குளிருதுடி. சுவரு நாளைக்கும் இருக்கும். நான் இருப்பேனான்னு பாரு."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்துக்குள் பயமும் இருந்தது. கரணையை வாளியில் எறிந்துவிட்டு, "வெடிச்சா வெடிக்கட்டும்" என்று எழுந்து போய் பிர்ச் விறகை அடுக்கிப் பற்றவைத்தாள். சுவரில் பூச்சு காய்ந்திருந்த இடத்தில் அவர் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார்.

"சூடு வருதாப்பா?" சமையலறையிலிருந்தே கத்தினாள்.

"இன்னும் இல்ல."

செங்கல்லுக்கு அவசரம் தெரியாது. விறகை மேலும் திணித்தாள்.

"இப்போ?"

"வரல."

அடுத்த முறை கேட்டபோது பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள். பிறகு ஓடினாள்.

அர்னோல்டின் கை சுவரிலேயே இருந்தது. மூச்சு இல்லை. பக்கத்தில் தொட்டுப் பார்த்தாள். சுவர் சில்லென்றிருந்தது.

கையை எடுத்துவிட அவளுக்கு மனம் வரவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். அடுப்பு எரிந்துகொண்டேயிருந்தது. பூச்சில் மெல்லிய கோடு ஒன்று கீறி இறங்கியது.

மாடி வீட்டு சல்மேயை அதன் பிறகுதான் கூப்பிட்டாள். சல்மே வந்ததும், உயிர் வெளியே போகட்டுமென்று ஜன்னலைத் திறந்தாள். அர்னோல்டின் கைகளை மார்பில் சேர்க்கப் போனவள், சுவரிலிருந்த கையைத் தொட்டதும் நின்றாள்.

"அடடா, கை இன்னும் கதகதன்னு இருக்கே! இப்பத்தான் போயிருக்காரு. குளிரே தெரியாம போயிருக்காரும்மா."

"ஆமா" என்றாள் மாரிகா.

"போ, அடுப்பை அணைச்சிடு. சவம் கிடக்கிற அறை சூடா இருக்கக்கூடாது."

மாரிகா சமையலறைக்குப் போனாள். அடுப்பின் கதவைத் திறந்து, தணல் முன்னால் சற்று நேரம் நின்றாள். பிறகு இன்னொரு விறகை எடுத்து உள்ளே வைத்தாள்.