மலைக்கு இரண்டாவது ஆள்

“அப்ப அந்த ரெண்டாவது ஆள் ஆர்?”

“இன்னும் யாரும் இல்லை சார். அதனாலதான் கேள்விக்குறி போட்டிருக்கேன்.”

“சாமான் ரெண்டு பேருக்கு. ஆள் மட்டும் ஒருத்தர். அதை நான் நம்ப வேணும்?”

இன்ஸ்பெக்டர் அம்பிகைபாகன் என் மலையேற்றப் பட்டியலை மேசையில் விரித்து, பறக்காமல் இருக்கத் தொப்பியை ஓரத்தில் வைத்திருந்தார். மலாயாவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் கிராணி நான். காலையில் தபாலாபீசுக்குப் புறப்பட்டபோது, தோட்டத்து கேட்டில் புதிதாக வந்த போலீஸ்காரர் என் கையிலிருந்த நாவலை உதறிப் பார்த்தார். பட்டியல் கீழே விழுந்தது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட அந்த கேட்டைத் தாண்ட விடாத காலம்.

“அரிசி அஞ்சு காத்தி. சார்டின் டின் எட்டு, ஓட்டை போடாதது.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஓட்டை போடாத டின் எதுக்கு?”

எங்கள் பக்கத்துக் கடைகளில் டின்னை விற்கும்போதே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். அன்றே தின்றாக வேண்டும், பதுக்க முடியாது. மூன்றாம் நாள் மலைமேல் கெட்டுப்போன மீனைத் தின்று வயிற்றுக்கு ஏதாவது வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, நான்தான் அப்படி எழுதியிருந்தேன். நாற்பது அடி கயிறு, மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை, டார்ச் லைட் எல்லாம் அப்படி யோசித்து எழுதியவைதான். அவர் வாசிக்க வாசிக்க எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். வழக்கு இல்லாமலே இரண்டு வருடம் உள்ளே இருக்க வேண்டியதுதான்.

“மலை எண்டு மட்டும் கிடக்கு. எந்த மலை?”

“கினாபாலு சார். வட போர்னியோவில. சிங்கப்பூர்ல கப்பல் ஏறணும்.”

அவர் ஜன்னலைக் காட்டினார். ரப்பர் மரங்களுக்கு மேல் லேடாங் மலை நீலமாக நின்றது. “இது இல்லையோ?”

“அங்க போனா சுட்டுடுவீங்களே சார்.”

கதவருகே நின்ற போலீஸ்காரர் இருமினார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “கப்பல் ஏறிப் போறவர் மலையின்ட பேரை ஏன் எழுதேல்லை?”

தமிழில் வந்த வெளிநாட்டு நாவல்களில் பனி விழுவதை நாலு வருடமாகப் படித்துப் படித்து, என் மனசில் இருந்தது ஒரே ஒரு மலை. அதற்குப் பெயர் எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பட்டியலின் கடைசி வரி: ‘குறித்த நாளில் திரும்பாவிட்டால் அக்கா சுசீலாவுக்குத் தந்தி.’ அதைப் படித்ததும் அக்காவை அழைத்துவர ஆள் அனுப்பினார்.

அக்கா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பதினொரு மணிக்குப் போலீஸ் லாரியில் வந்து இறங்கினாள். என்னைப் பார்க்கவே இல்லை. துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். கம்பளிக் குல்லா ஒன்று, பெரிதும் சிறிதுமாகக் கையுறை இரண்டு ஜோடி, ஊசி குத்திய நூலுருண்டை.

“ஆறு மாசமா பின்னிக்கிட்டிருக்கேன் சார். இந்த நூலுக்காக மலாக்காவுல மூணு கடை ஏறி இறங்கினேன். யாருக்கும்மா இந்த வெயில்லன்னு கடைக்காரர் கேட்டார். என் தம்பிக்குத்தான், அவன் கொஞ்சம் ஒரு மாதிரின்னு சொல்லிட்டு வந்தேன்.”

இன்ஸ்பெக்டர் பெரிய கையுறை ஒன்றில் கையை நுழைத்தார். மின்விசிறி ஓடாத அறை. நெற்றியில் வியர்வை வழிய, பட்டியலை மறுபடி எடுத்தார்.

“பதினோராயிரம் அடிக்கு மேல தலைவலி வந்தால் உடனே இறங்கு.” நிறுத்தினார். “மலாயாவில அந்த உயரத்துக்கு மலையே இல்லை.”

“அதைத்தான் சார் காலையில இருந்து சொல்றேன்.”

“நீர் சொல்லேல்லை. முழிச்சுக்கொண்டு இருந்தீர்.” கையுறையைக் கழற்றினார். “காட்டில இருக்கிறவங்கள் இதைப் போட்டால் ரெண்டு நாளில தாங்களாவே வந்து சரணடைவாங்கள்.”

போலீஸ்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இன்ஸ்பெக்டர் அரிசியையும் டின்னையும் பேனாவால் அடித்தார். “இதுகளைக் கப்பலால இறங்கி அங்க வாங்கும். மலைக்குப் பேர் எழுதும்.” பட்டியலை என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு சின்னக் கையுறைகளைத் தூக்கிப் பார்த்தார். “இது ஆருக்கு? உமக்குக் கை பெரிசு.”

அக்கா அவற்றை வாங்கிப் பைக்குள் போட்டாள்.

வெளியே வந்தோம். எதிர்க்கடையில் ஆளுக்கு ஒரு கிளாஸ் இனிப்பான சீராப் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அதுவும் சுகமாக இருந்தது.

பஸ்ஸில் பட்டியலைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவது போல் வரிவரியாக விரலை ஓட்டிப் படித்தாள்.

“தனியே போகக் கூடாதுன்னு முதல் வரியிலேயே எழுதியிருக்கே.”

“ஆமாக்கா. ஒருத்தருக்கு முடியலைன்னா இன்னொருத்தர் கீழே கூட்டிட்டு வரணும். ஆள் கிடைக்கலைன்னா நான் போகப் போறதில்ல.”

“உன் கூட்டாளி வீரப்பன் வரமாட்டான் லா. இன்னைக்கு நடந்தது தெரிஞ்சா இந்தத் தோட்டத்துல ஒருத்தரும் வரமாட்டாங்க.”

“தெரியும்.”

லேடாங் மலை ஜன்னலோடு கொஞ்ச தூரம் கூடவே வந்தது. அக்கா பையிலிருந்து சின்னக் கையுறை ஒன்றை எடுத்து இடது கையில் மாட்டினாள். அளவெடுத்துப் பின்னியது போல் சரியாக இருந்தது. வலது கையால் பென்சிலை என்னிடம் நீட்டினாள்.

“அந்தக் கேள்விக்குறியை அழிச்சிட்டு என் பேரை எழுதேன், சிவசாமி.”