கதவு வைத்த மாடம்

பத்மினி தனியாக மாடிப்படி ஏறுகிறாள் என்பது அவள் புருஷன் விருஷபதாஸுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கதவைக் கழற்றி ஒளித்து வைத்திருப்பார்.

ஆடி மாதம் பக்கவாதம் அவளை அடித்துப் போட்டது. கால் சீக்கிரமே தேறியது. வலது கைதான் மரக்கட்டையாகத் தொங்கியது. காலையில் பிசியோ வளர்மதி வந்து பயிற்சி கொடுப்பாள். விளக்கு வைத்ததும் புருஷன் தைலம் தேய்த்துவிடுவார். கருஞ்சிவப்புத் தைலம். கற்பூர வாசனைக்குப் பின்னால் இன்னொரு வாசனையும் இருந்தது.

"இன்னாங்க இது? துருப்புடிச்ச இரும்பு மாரி நாறுது?"

"வல்லத்து நாட்டு வைத்தியன் தனகோட்டி காச்சுனது. எல்லாம் வேரு, பட்டைதான். மூக்கப் புடிச்சிக்க."

கல்யாணமான நாளிலிருந்து நம்பிய குரல். மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

இன்று காலை அந்தக் கையில் விரல்கள் மடங்கின. வளர்மதி கைதட்டிவிட்டாள். "அக்கா, இனிமே படி ஏறிப் பாருங்க. கைப்பிடிய வலது கையாலயே புடிங்க."

புருஷனிடம் சொல்லவில்லை. மாடியில் மாடத்துப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எப்டி வந்தேன் பாத்தீங்களா?" என்று அவரை அசத்த வேண்டும்.

மாடம் என்பது மொட்டைமாடிச் சுவரில் பொந்து பொந்தாகக் கட்டிய புறா வீடு. பூனை வருகிறதே, ஒரு கதவு போடலாமே என்று புதுப்பெண்ணாக அவள் கேட்டபோது விருஷபதாஸ் சிரித்தார்.

"கதவு வெச்சா அது கூண்டு. போவணும்னா போவட்டும், வரணும்னா வரட்டும். அதான் மாடம்."

காஸ் சிலிண்டர் போட வருகிறவர், "நயினார் வூட்டுப் புறாக்கூண்டு" என்று வாய்தவறிச் சொன்னால்கூட விருஷபதாஸ் விடமாட்டார். "கூண்டு இல்லய்யா, மாடம்!" கடைத்தெருவில் இதற்காகவே அவரைச் சீண்டுகிறவர்கள் உண்டு.

இரண்டு மாதமாக மாடியிலிருந்து வரும் குனுகல் மெலிந்துகொண்டே போனது. கேட்டால், "பூனை" என்றார்.

சமணக் குடும்பம்; ஊரில் நயினார் என்பார்கள். ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் பொழுது இறங்குவதற்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். புறாக்கள் அடைய வருவதும் அதே நேரம்தான். அவர் நாலு கவளத்தில் எழுந்து, "புறாவுக்குத் தண்ணி வெச்சிட்டு வர்றேன்" என்று மேலே போவார். அவள் இடது கையால் தட்டோடு மல்லாடிக்கொண்டிருப்பாள்.

இன்று அவர் கை கழுவும்போதே வாசலில் பைக் நின்றது. வந்த ஆளோடு பேச வெளியே போனார். சரியான சமயம். பத்மினி தட்டைத் தள்ளிவிட்டுப் படியேறினாள். இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தும் வலது பக்கத்தையே பிடித்தாள். விரல்கள் நழுவின. பிடித்தன. மறுபடி நழுவின. ஏறிவிட்டாள்!

மாடத்துக்குக் கம்பிவலைக் கதவு போட்டிருந்தது. வெளியே கொக்கி.

உள்ளே புறாக்கள் ஒண்டிக்கொண்டிருந்தன.

படியில் காலடிச் சத்தம். ஏனென்று தெரியாமலே தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"நயினாரே, கூண்டுக் கதவு தொங்குது பாரு. இறுக்கிக் கட்டு. நேத்து ஒண்ணு நழுவிடுச்சி." தனகோட்டி. கையில் துணிப்பை.

விருஷபதாஸ் அவனைத் திருத்தவில்லை.

"சீக்கிரம் புடி. கீழ சாப்டுக்கினு இருக்கறா."

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"ரத்தம் கலந்த தைலம்னு தெரிஞ்சா கையவே வெட்டிக்குவா. வாய மூடு."

பத்மினி வெளியே வந்தாள்.

தனகோட்டியின் கையிலிருந்து பை விழுந்தது. "அக்கா... வாதத்துக்குப் புறா ரத்தம்தான்னு ஊரே சொல்லுது... நயினாருதான்..." மீதியைப் படியில் இறங்கிக்கொண்டே சொன்னான். பைக் கிளம்பியது.

"யாரு அறுத்தது?"

"அவன்தான். நான் புடிச்சிக் குடுத்ததோட சரி." விருஷபதாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பாவம் எம்மேலதான் பத்மினி. உனக்குத் தெரியாம இருந்தா உனக்கு ஒட்டாதுன்னு..."

"தெனம் தெனம் ஒட்ட ஒட்டத் தேச்சீங்களே."



மண்ணுக்குக் கீழே விளைந்த உருளைக்கிழங்கைக்கூட வீட்டுக்குள் விடாத மனுஷன். மழைநாளில் விளக்கைச் சுற்றும் பூச்சிக்காக விளக்கையே அணைக்கிற மனுஷன். அவள் கண் எதிரே நின்றார்.

கதவை நோக்கி நடந்தாள். வேண்டுமென்றே வலது கையை நீட்டினாள். கை மெல்ல மெல்ல எழுந்தது. தோளைத் தாண்டியது. கட்டைவிரல் கொக்கியைத் தட்டிவிட்டது.

"தூக்குது! பத்மினி, கை தூக்குது பாரு!" அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் பொய்யே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அது வளர்மதி குடுத்தது" என்றாள். "ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கினு வாங்க."

கொண்டுவந்தார். கீல்களைக் கழற்றினார். கதவு திறந்தும் புறாக்கள் வெளியே வரவில்லை. இருட்டிவிட்டது, இனி விடிந்தால்தான்.

"நாளைலேர்ந்து வளர்மதி மட்டும் வந்தாப் போதும். நீங்க என் கையத் தொடாதீங்க."

கழற்றிய கதவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார் விருஷபதாஸ். பத்மினி படி இறங்கினாள். வலது கையை உடம்பில் படாமல் விலக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் கைப்பிடியைப் பிடித்தாள்.