ஒல்லாபெர்கன் கடித்த ரொட்டி

எங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு நூல், நூலில் ஒரு ரொட்டி. என் கணவர் ஒல்லாபெர்கன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் புறப்பட்ட அன்று அதில் ஒரு வாய் கடித்தார். மிச்சத்தை அவரேதான் வந்து தின்ன வேண்டும், அதுவரை வேறு கை படக் கூடாது. எங்கள் கீவா ஊர்ப் பக்கம் ஆள் வெளியூர் போன வீடெல்லாம் இப்படித்தான்.

கடைசியாக அவர் பேசியது ஒரு வியாழக்கிழமை. "பீபிஜான், நாளைக்கு ஒன்பதாம் மாடிக் கூரையில வேலை. சனிக்கிழமை கூப்பிடுறேன்" என்றார். எந்தச் சனிக்கிழமையும் கூப்பிடவில்லை. கூட வேலை செய்தவர்களின் போனும் அடித்து ஓய்ந்தது.

"போனத் தொலைச்சிருப்பான். சின்னதுல செருப்பையே தொலைச்சுட்டு வருவான்" என்றார் மாமியார் ஓனாஜான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தூசி தட்டும்போதுதான் பார்த்தேன், ரொட்டி சிறுத்திருந்தது. எலி என்று திட்டிவிட்டுக் கிட்டே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பாதாம்கொட்டையை உடைத்து உடைத்து என் கணவரின் முன்பல் ஒன்று பாதியாகிவிட்டது. அந்தப் பாதிப் பல்லின் தடம் ஒவ்வொரு கடியிலும் இருந்தது. பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தேன். மிச்சம் பன்னிரண்டு சென்டிமீட்டர்.

அத்தைக்கு ஒரே சந்தோஷம்.

"வந்து தின்னுட்டுப் போறான்னா உசுரோட இருக்கான்னு அர்த்தம்டி. செத்தவங்க கடிப்பாங்களா? அவங்களுக்கு வாசம்தான் சோறு."

அதுவும் எங்கள் வழக்கம்தான். வியாழன் சாயங்காலம் எண்ணெயைக் காயவைத்து மாவு உருண்டை பொரித்து, செத்தவர் பெயரைச் சொல்வோம். அந்த வாசனையில் அவர்கள் வாசல்வரை வந்து வயிறு நிறைந்து போவார்கள். அத்தை வாராவாரம் மாமனார் பெயரை மட்டும் சொல்வார்.

அடுத்த வெள்ளி அளந்தேன். பத்து. வாரத்துக்கு ஒரு கடி, கடிக்கு இரண்டு சென்டிமீட்டர். எங்கள் வீட்டு ரொட்டி எப்போதும் இருபத்துநாலு. அவர் போகும்போது கடித்த இரண்டு போனால் இருபத்திரண்டு.

அன்று நான் பாடம் எடுக்கும் ஏழாம் வகுப்பில் அல்ஜீப்ரா. புத்தகத்தில் இருந்த கணக்கைத்தான் போர்டில் எழுதப் போனேன். என் கை y = 22 − 2x என்று எழுதியது.

"தெரிஞ்சத அதோட இடத்துல போடு, தெரியாதது தானா வெளிய வரும்" என்று வருஷக்கணக்காகச் சொல்லும் வாய், பழக்கத்தில் சொன்னது. "y பத்து."

"x ஆறு!" என்று கத்தினாள் சும்ராத். வாயாடி, ஆனால் கணக்கில் புலி. "டீச்சர், x-னா என்ன?"

"வாரம்."

"எதுலேர்ந்து வாரம்?"

சுவரில் இருந்த காலண்டரில் விரல் வைத்து ஆறு வாரம் பின்னால் போனேன். விரல் நின்றது அவர் கடைசியாகப் பேசிய வியாழனுக்கு மறுநாளில். கூரை வேலை நாள்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன்.

"உன் பாழாப்போன கணக்க அடுப்புல போடு! கட்டினவன நீயே கொன்னுடுவியா?"

"உசுரோட இருக்கார்னு சொல்லிச் சொல்லி நாமதான் அவரப் பட்டினி போட்டுட்டோம் அத்தை. பேரச் சொல்லாம எப்படி வாசம் போய்ச் சேரும்? பசி தாங்காமத்தான் காஞ்ச ரொட்டியக் கடிக்கிறார்."

அத்தை அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. எனக்கும் எது நல்லது என்று தெரியவில்லை. பேரைச் சொல்லாமல் விட்டால் இன்னும் ஐந்து வெள்ளி அவர் வருவார். பேரைச் சொன்னால் விதவை. அந்த ஐந்து வெள்ளிக்கு நான் பேராசைப்பட்டேன் என்பதும் உண்மை. ஆனால் பசியோடு வருகிற மனிதரை எப்படி வரவேற்பது?

வியாழன் சாயங்காலம் அத்தையே அடுப்பை மூட்டினார். எண்ணெய் புகைந்தது. மாமனார் பெயரைச் சொன்னார். கொஞ்ச நேரம் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒல்லாபெர்கன்" என்றார். "சாப்பிடுப்பா."

சொல்லிவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

வந்த விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். மறுநாள் காலையில் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனேன். பத்தாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எட்டாகி இருக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

பத்து.

அடுத்த வெள்ளியும் பத்து. பனி விழுந்து, உருகி, பாதாம் மரம் பூத்துவிட்டது. இப்போது எந்த வாரத்தைப் போட்டாலும் பத்துதான் வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு வெள்ளியும் அளக்கிறேன்.