பன்னிரண்டு அங்கிக்குக் காஜா

எங்கள் தெருவில் திங்கட்கிழமை துவைக்கும் நாள். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை கொடியில் துணி தொங்கினால் அந்த வீட்டுக்காரி சோம்பேறி என்று முடிவு கட்டிவிடுவார்கள். படுக்கை விரிப்புகள் தெருப்பக்கக் கொடியில், சட்டையும் பாவாடையும் நடுக்கொடியில், உள்ளாடைகள் யார் கண்ணிலும் படாமல் உள்கொடியில். நான் ஸ்லோவாக்கியாவிலிருந்து கப்பலேறி வந்து இந்தியானாவில் குடியேறிய புதிதில், என் வீட்டு உள்ளாடைகள் தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு வெர்னாதான் ஓடிவந்து அவற்றை உருவி உள்கொடிக்கு மாற்றினாள். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் எங்களுடையது. இரண்டு வீட்டுக் கொடியும் நடுவில் ஒரே கம்பத்தில் கட்டியிருக்கும். மழை வந்தால் யார் வீட்டில் இருக்கிறாளோ அவள் இரண்டு வீட்டுத் துணியையும் எடுத்துவிடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடக் கமிட்டி கூடுவதாக இருந்தது. என் மகள் மிலா ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தாள். கண்ணாடித் தொழிற்சாலைக் குடும்பங்களில் அதுவரை யாரும் அந்தப் படியைத் தொட்டதில்லை. அவளுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுப்பதா இல்லையா என்று அன்றைக்குச் சொல்வார்கள். கமிட்டியில் ஐந்து பேர். அதில் ஒருவர் வெர்னாவின் கணவர், இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் கிளைட்.

"கிளைட் ஓட்டு மிலாவுக்குத்தான். அவர என்கிட்ட விடு" என்று வெர்னா சொல்லியிருந்தாள்.

ஓட்டு மட்டுமா? மிலாவின் தலைமுடியை வெட்டியதே அவள்தான். இடுப்பு வரைக்கும் தொங்கிய பின்னல். பயிற்சி விடுதியிலிருந்து மிலா விடுமுறைக்கு வந்தபோது, தன் சமையலறையில் உட்கார வைத்துக் காதோடு கத்தரித்து அனுப்பிவிட்டாள். என் வீட்டுக்காரர் ஒந்த்ரேய் அதைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் சண்டைக்குப் போனேன்.

"முடிதானே ஸோஃபி, தலையா போச்சு? டீச்சர் வேலைக்குப் போற பொண்ணு இந்த ஊர்ப் பொண்ணாட்டம் இருக்க வேணாமா? பின்னலோட போய் நின்னா இப்பத்தான் கப்பல்லேர்ந்து இறங்கினவன்னு நினைப்பாங்க."

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பின்னலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் வெர்னா ஒரு மூட்டை வெள்ளைத் துணியோடு வந்தாள். அவர்கள் சபைப் பாடகர்களுக்கு அங்கியாம். வெட்டித் தைத்தாயிற்று, பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கத்தான் ஆள் இல்லை. தையல் யாருக்கும் வரும். காஜா எடுக்க விரல் வேண்டும். எனக்கு வரும். பன்னிரண்டு அங்கி, ஒவ்வொன்றிலும் முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை காஜா. ஒரு அங்கி இரண்டு ஆள் அகலம் இருந்தது.

"ஏண்டி, இந்த ஆளு பாடறதுக்கு முன்னாடி ஒரு பன்னிய முழுங்குவாரா?" என்று கேட்டேன்.

வெர்னா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். காசு கொடுக்க வந்தாள். கடவுள் காரியத்துக்குக் காசா என்று வாங்க மறுத்தேன். பீச் பழப் பாகு ஆறு ஜாடி கொடுத்தாள். வசந்தம் வரைக்கும் அதை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டோம்.

பாடகர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று நான் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிப் பார்ப்பது? நாங்கள் கத்தோலிக்கர்கள். அவர்கள் சபைக்குள் கால் வைத்தால் பாவசங்கீர்த்தனத்தில் எங்கள் சாமியாரிடம் சொல்லி அழவேண்டும். வெர்னா வீட்டுச் சமையலறையில் நான் எத்தனையோ நாள் ரொட்டி சுட்டிருக்கிறேன். அவள் சபையின் வாசல் கதவு என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை காலையில் கொடிக்கு அந்தப்பக்கம் நின்று வெர்னா கேட்டாள்.

"மத்தியானம் வீட்டுலதானே இருப்ப?"

"இல்ல. மூணு மணிக்குக் கோயிலுக்குப் போறேன். மிலாவுக்காக மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தணும்."

"போ, போ. எனக்கும் சேத்து ஒண்ணு ஏத்து" என்றாள், கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டே.

கோயில் வரைக்கும் நான் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் வானம் கறுத்தது. இரண்டு வீட்டுத் துணியும் நனையுமே என்று திரும்பி ஓடிவந்தேன். வெர்னா வீடு பூட்டியிருந்தது. முதலில் அவள் துணிகளைத்தான் எடுத்தேன். அது பழக்கம். விரிப்புகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டேன். விரிப்புகள் மறைத்திருந்த உள்கொடியில், யார் கண்ணிலும் படாமல் ஒரு வெள்ளை அங்கி தொங்கியது. நெஞ்சுப் பக்கம் சிவப்பு வட்டம், அதற்குள் வெள்ளைச் சிலுவை. பக்கத்தில் கூம்பு மாதிரி ஒரு தொப்பி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

அந்தக் கூட்டத்தை யாருக்குத் தெரியாது? எங்கள் கோயில் வாசலில் போன வருஷம் சிலுவையை எரித்தவர்கள். கறுப்பர்கள், யூதர்கள், கத்தோலிக்கர்கள், எங்களைப் போல இங்கிலீஷ் நாக்கில் புரளாதவர்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று முகத்தை மூடிக்கொண்டு ஊர்வலம் போகிறவர்கள். நான் அங்கியின் காஜாவைப் பார்த்தேன். நெருக்கமான தையல், முனையில் என் அம்மா சொல்லித்தந்த குறுக்குக் கட்டு. அது என் கை.

மழை நனைக்க நனைக்க அங்கேயே நின்றேன்.  கூடவே இருந்து குழி பறித்திருக்கிறாள். மண்வெட்டியையும் என் கையிலேயே கொடுத்திருக்கிறாள்.

அது தூற்றல் மழை. சீக்கிரமே விட்டு வெயில் அடித்தது. அங்கியைக் கொண்டுபோய்த் தெருப்பக்கக் கொடியில் மாட்டினேன். இரண்டு கையையும் விரித்து, வீட்டிலிருந்த கிளிப்பு அத்தனையும் போட்டேன். தொப்பியையும் பக்கத்தில் தொங்கவிட்டேன். தொழிற்சாலை விடும் நேரம். கிளைட் கடையில் ஆணி வாங்குகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். பார்க்கட்டும். ஊர் காறித் துப்பட்டும்.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு ஃபென் கிழவி. கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு ஆப்பிள் கேக் கொடுத்தனுப்புகிற நல்ல மனுஷி. வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கியை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் அதிர்ச்சியைத் தேடினேன்.

"வெர்னாவோடது எவ்வளவு வெள்ளையா இருக்கு பாரேன். நீலம் எத்தன சொட்டு போடுறாளோ? எங்க வீட்டுக்காரரோடது மஞ்சளடிச்சுப் போச்சு. கழுத்துல வேற வேர்வைக் கற."

 அவள் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நீ பயப்படாத. உங்களச் சொல்லல."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வேறு இரண்டு பெண்கள் நடைபாதையில் போனார்கள். ஒருத்தி கொடியைப் பார்த்துத் தலையசைத்தாள். கொடியில் மேசைத் துணி தொங்கினால் எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் பார்த்தாள். தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

வெர்னா மருந்துக் கடைப் பையோடு ஓடிவந்தாள்.

"ஐயோ ஸோஃபி, தெருப்பக்கமாவா போட்ட?"

"விரிப்பெல்லாம் தெருப்பக்கம்தானே? நீதான சொல்லிக் குடுத்த."

அவள் கிளிப்புகளைப் பிடுங்கினாள். 

"இது உன்னப் பத்தினது இல்ல. சத்தியமா. நீங்க வேற மாதிரி. இந்தக் கண்ணாடி ஆலைக்குக் கிழக்க இருக்கிறவங்க..."

"ஆலைக்குக் கிழக்கதான் என் நாத்தனார் இருக்கா. நீ அவ பொண்ணு கல்யாணத்துல ஆடின."

வெர்னா தொப்பியை உருவி மருந்துக் கடைப் பைக்குள் திணித்தாள்.

"மிலா ஓட்டு என்னாச்சு?" என்றேன்.

"கிளைட் ஒருத்தரா என்ன பண்ண முடியும்?"

"என்னாச்சுன்னு கேட்டேன்."

"போன வாரமே முடிஞ்சிடுச்சு. அஞ்சு பேரும் ஒரே ஆளத்தான் சொன்னாங்க. கிராமத்துலேர்ந்து வர்ற ஏதோ பொண்ணு."

"போன வாரம். அதுக்கப்புறம் சனிக்கிழம வந்து என் பொண்ணு கவுனுக்குக் காலர் வெச்சுக் குடுத்திருக்க."

"அவ அவ்வளவு சந்தோஷமா இருந்தா. நான் எந்த வாயால சொல்றது?"

"என்கிட்ட காஜா கேட்டியே, அதே வாயால சொல்லியிருக்கலாம்."

அவள் ஈர அங்கியைச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. இத்தனை வருஷமும் அவள் அழுதால் நானும் கூட அழுதிருக்கிறேன்.

பின்வாசல் படியில் மிலா நின்றிருந்தாள். நீலக் கவுன், வெர்னா வைத்த வெள்ளைக் காலர், காதோடு வெட்டிய முடி, கமிட்டிக்குப் போகக் கையில் தொப்பி. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. இறங்கி வந்து வெர்னாவின் கையிலிருந்து அங்கியின் ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். வெர்னா விட்டுக்கொடுத்தாள்.

"அம்மா, இது உன் கை."

"சபைல பாடறவங்களுக்குன்னு சொன்னாடி. நீ விடுதியில இருந்தப்போ. பாடகர்களுக்கு அங்கின்னு சொன்னா."

"அந்தச் சபைல என்கூடப் படிச்சவ பாடறா. அங்கியெல்லாம் கிடையாது. ஞாயித்துக்கிழமச் சட்டையோடதான் நிப்பாங்க."

வெர்னா அங்கியை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மிலா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை தானாகக் கழுத்துக்குப் பின்னால் போனது, பின்னல் இருந்த இடத்துக்கு.

"எத்தன அங்கிக்குத் தச்சம்மா?"

"பன்னெண்டு."

அவள் காலர் பொத்தானைக் கழற்றினாள்.

"கமிட்டியில அஞ்சு பேர்தான்மா. அஞ்சு பேருக்கும் போட்டு மிச்சமிருக்கும்" என்றாள்.