ஆமாம் சொல்லும் வரை

முகப்பேரில் எங்கள் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். செயலாளர் கோவிந்தராஜ், ஆவடி தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். ஆறு வருடமாக எழுந்திருக்கவில்லை.

குடியிருப்புச் சங்கத் தேர்தல் வந்ததும், கணினி நிரல் எழுதும் என்னிடம் வந்தார். "தேவிப்பிரியா, ஓட்டுக்கு ஒரு வெப் பேஜ் போட்டுக் குடும்மா. கோவிந்தராஜ் தொடரலாமான்னு கேக்கணும். இல்லைன்னு அமுக்கினா மறுபடி கேக்கணும். ஆமான்னு சொல்ற வரைக்கும் வுடக்கூடாது."

"அங்கிள், இது ஓட்டு இல்ல, வைல் லூப்."

"இன்னாவோ ஒண்ணு. போடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வண்டி நிறுத்த இடம் ஒதுக்குவது இந்த மனுஷன்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த லூப்பை எழுதினேன்: விடை 'ஆமாம்' ஆகாத வரை கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேள். யார் எத்தனை முறை 'இல்லை' சொன்னார்கள் என்று எண்ணும் வரியொன்றை என் சொந்தக் கொழுப்பில் சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் நாற்பத்தேழு வீடுகள் அலுத்துப்போய் 'ஆமாம்' போட்டுவிட்டன. ஒரு வீடு மட்டும் நூற்றுப் பன்னிரண்டு முறை 'இல்லை' சொல்லி, இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. அது செயலாளர் வீடு.

அவரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அவர் மனைவி பூங்காவனம் சோபாவில் சாவகாசமாகப் போனை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்ற நீ?"

"அது கேட்டுகினே கீது. நானும் சொல்லிகினே கீறேன்."

"ஆமான்னு ஒரு தபா அமுக்கேன். முடிஞ்சிடும்."

"ஆறு வருசமா மோட்டார் ரூமே கதின்னு கெடக்குற. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா? இப்பதான் கேக்குற. அதுவும் பதில நீயே எழுதி வச்சிகினு."

கோவிந்தராஜுக்கு முகம் செத்துப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. "அந்த லூப்ப எடுத்துடும்மா. எல்லாரும் மறுபடி போடட்டும்" என்றார்.

எடுத்தேன். இந்த முறை அந்த வெப் பேஜ் ஒவ்வொரு வீட்டையும் ஒரே ஒரு முறை கேட்டது. மாலை ஆறு மணிக்கு முடிவு வந்தது. இல்லை, நாற்பத்தேழு. ஆமாம், ஒன்று.

"யாருதும்மா அந்த ஒண்ணு?" என்று கேட்டார்.

சொல்லக்கூடாதுதான். ஆனாலும் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவருடைய வீட்டு எண் இருந்தது. அந்த 'ஆமாம்' பூங்காவனம் போட்டது.

மோட்டார் ரூம் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.