அன்னையர் வட்டத்தில் பதினான்கு நாற்காலிகள்

ஒரு தாயின் கண்ணீர் ஊரின் கண்ணீர். அதைத் துடைக்கும் நாள் வரலாற்றில் பொன்னாள். நகராட்சித் தலைவர் இதைச் சொல்லி முடித்தபோதுதான் மைக் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. வரலாறு இன்னொரு முறை சொல்லப்பட்டது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்களுக்கு மனநல வட்டம். அழைப்பிதழின் அடியில் ஒரு வரி: பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம்.

ஒன்பது வயது அராமியை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள எர்மெலிந்தா தன் அக்காவிடம் மூன்று வாரம் கெஞ்சியிருந்தாள். தகரக் கூரையில் மழை விழுந்தால் அராமி காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அந்த நேரத்தில் தன் மனம் போகும் போக்கை, அதே போக்கு போகும் ஒருத்தியிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பச்சைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தாள்.

பதினான்கு நாற்காலிகளிலும் பெண்கள். நம்மூரில் இத்தனை பேரா!

பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதன் அருமையைப் பற்றி மனநல நிபுணர் ஐம்பது நிமிடம் பேசினார். வேறு யாரும் வாய் திறக்க வழியில்லை. பிறகு, ஒரே குவளையில் எல்லாரும் சுற்றிக் குடிக்கும் தெரெரே வந்தது. பக்கத்து நாற்காலிப் பெண் கொம்புக் குவளையிலிருந்த இலைத்தூளில் ஐஸ் தண்ணீரை ஊற்றி நீட்டினாள். எர்மெலிந்தா உறிஞ்சிவிட்டு, குவளையைத் திருப்பிக் கொடுத்து, "நன்றி" என்றாள்.

நன்றி சொன்னால் 'எனக்குப் போதும்' என்று பொருள். பராகுவேயில் இது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அவளோ எட்டு வருடமாகத் தெரெரேயைத் தனியாகவே குடிப்பவள். வெளியே போனால் டாக்டருக்கும், பஸ் டிரைவருக்கும், முறைத்துவிட்டு நகர்ந்து உட்காருபவர்களுக்கும்கூட நன்றி சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போயிருந்தது. குவளை நான்கு சுற்று வந்தது. நான்கு முறையும் அவள் மூக்குக்கு நேரே அவளைத் தாண்டிப் போனது.

கடைசியில் துணிந்து பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள். "உன் பிள்ளைக்கு என்ன வயசும்மா? மழை பெஞ்சா கத்துமா?"

அந்தப் பெண் எர்மெலிந்தாவின் சட்டையில் குத்தியிருந்த பெயர்ச்சீட்டைப் பார்த்து, 'அம்மா' என்பதுபோல மரியாதைக்கு ஒரு 'ஞா' சேர்த்துக்கொண்டாள். "பிள்ளையா? எனக்குக் கல்யாணமே ஆகலை, ஞா எர்மெலிந்தா! நான் வாகன வரி கவுன்ட்டர். இங்க உக்காந்திருக்கிறது எல்லாமே நம்ம ஆபீஸ் ஆளுங்கதானே. முப்பது அம்மாங்க பேர் குடுத்தாங்களாம். பிள்ளைய விட்டுட்டு வர ஆளில்லாம ஒருத்தரும் வரலை. போட்டோவுல நாற்காலி காலியா இருந்தா தலைவர் கத்துவாரு. அவருக்கு மழையெல்லாம் வேண்டாம்." குரலைத் தாழ்த்தினாள். "ஆமா, நீங்க எந்த செக்‌ஷன்?"

எர்மெலிந்தா பெயர்ச்சீட்டை நேராக்கிக்கொண்டாள்.

"நான் புதுசு," என்றாள்.

வீட்டில் அக்கா கலைந்த தலையோடு கதவைத் திறந்தாள். "எப்படி இருந்துச்சு, எர்மி?"

"நெறைய பேர் வந்திருந்தாங்க."

அடுத்த மாத வட்டத்துக்கும் அவள் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.