கிளி கொத்தவரங்காய் சாப்பிட்ட வெள்ளிக்கிழமை

என் வீட்டுக்காரர் கோதண்டம் ஓய்வு பெற்ற அன்று தன் குரலைக் கிளியிடம் ஒப்படைத்துவிட்டார். அலுவலகத்தில் போட்ட மாலையைக் கழற்றினார். வாயைத் துடைத்துக்கொண்டார். கூண்டிலிருந்து கிளி, "காபி எங்கே?" என்று கேட்டது.

அன்றிலிருந்து அவர் பேசுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பார். சத்தம் கூண்டிலிருந்து வரும்.

எங்கள் தெருவில் இது ஒன்றும் புதிதில்லை. மூன்றாவது வீட்டுப் போஸ்ட்மாஸ்டர் தன் குரலை மிக்சியில் வைத்திருக்கிறார். கரண்ட் இருந்தால்தான் பேச்சு. எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் தொல்லை வேறு. கிளி காய் சாப்பிடுவதில்லை.

திங்கட்கிழமை பறவை உணவு அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் எட்டியப்பன் வந்தார். கையோடு தராசு கொண்டுவந்திருந்தார். ஒரு தட்டில் கிளியை நிறுத்தினார். இன்னொரு தட்டில் ஒரு முள்ளங்கியை வைத்தார். முள்ளங்கி கீழே போனது.

"காய் சாப்பிடுதாம்மா?"

"பழக்கிட்டிருக்கேன் சார்."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவேன். என் கண்ணு முன்னால ஒரு காய் உள்ள போகணும். போகலைன்னா எடுத்துட்டுப் போயிருவோம்."

"கிளியையா?"

"கிளியையும், அதுக்குள்ள இருக்கறதையும்."

"உள்ள எங்க வீட்டுக்காரர் குரல் இருக்கு சார்."

"அதுக்குத் தனி ஃபாரம்," என்று சொல்லி முள்ளங்கியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

குரல் போனால் வீடு அமைதியாக இருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் குரலிடமிருந்து எனக்கு ஒரு பதில் வர வேண்டியிருந்தது. கல்யாணமான மூன்றாம் நாள் கொத்தவரங்காய் பொரியல் செய்தேன். "நல்லா இருக்கா?" என்று கேட்டேன். அவர், "சொல்றேன்," என்றார். அது ஆயிற்று முப்பத்தெட்டு வருடம். சொன்ன சொல் தவறாதவர் என்று அலுவலகத்தில் அவருக்குப் பெயர். இத்தனை நாள் பொறுத்தவள், பதில் வரும் சமயத்தில் குரலை விடுவதா?

செவ்வாய்க்கிழமை வேலையில் இறங்கினேன். கேரட்டைத் துருவிச் சோற்றுக்குள் ஒளித்தேன். கிளி சோற்றைத் தின்றுவிட்டு, கேரட்டைக் கிண்ணத்தின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கியது. பீன்ஸை நூலில் கோத்துத் தோரணம் கட்டினேன். கிளி அதன் கீழே உட்கார்ந்து, "யாருக்குக் கல்யாணம்?" என்றது. கோவைக்காய் வைத்தேன். கிளியையும் கோவையையும் பிரித்துப் பேசின ஆள் இந்த ஊரில் கிடையாது. கிளி அதையும் மூக்கால் தள்ளிவிட்டது.

"இதெல்லாம் யார் திங்கிறது?" என்றது கிளி.

"நீதான்."

"அப்பளம் இல்லையா?"

நாற்காலியில் அவர் உதடு அசைந்தது.

எதிர்வீட்டுச் செண்பகத்திடம் யோசனை கேட்டேன். செண்பகம் தை மாதத்திலிருந்து நாள்காட்டியாக இருக்கிறாள். அவளுடையது வாடகை வீடு. ஆணி அடிக்க விடமாட்டார்கள். அதனால் எங்கள் வீட்டில், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள நடையில் மாட்டியிருக்கிறோம். தினமும் காலையில் ஒரு தாள் கிழிப்பேன். "மெதுவாக்கா," என்பாள். இப்போது நன்றாக இளைத்திருக்கிறாள்.

"கிளி கூட்டத்தோட திங்கிற ஜாதிக்கா," என்றாள் செண்பகம். "வீட்டுல யாராவது காய் திங்கறதை அது பாத்திருக்கா?"

"பாக்காம என்ன?"

"யாரை? அண்ணனையா?"

அவர் காயைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்குகிறவர்.

"நான் திங்கறேனே," என்றேன்.

"எங்க?"

"சமையல்கட்டுல."

"எப்ப?"

"எல்லாரும் சாப்பிட்டப்புறம்."

"உக்காந்தா?"

அடுப்புப் பக்கம் நின்றபடி, வாணலியிலிருந்து, கரண்டியால் சாப்பிடுகிறவள் நான். அவர் ஒதுக்கினதும் அதில் சேரும். நான் சாப்பிட்டதை இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. என் மகன் நாலாம் வகுப்பில், 'அம்மா வெயிலில் வளர்கிறார்' என்று கட்டுரை எழுதினான். பத்துக்கு ஒன்பது கொடுத்தார்கள்.

"நாளைக்கு நாள் நல்லா இருக்கு," என்றாள் செண்பகம். "ஒரு தட்டுல போட்டுக்கிட்டுக் கூடத்துக்குப் போங்க. அது முன்னால உக்காந்து தின்னுங்க."

புதன்கிழமை கொத்தவரங்காய் பொரியல் செய்தேன். எனக்கென்று ஒரு தட்டில் சோறும் பொரியலும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சமையலறையிலிருந்து கூடம் பதினோரு அடி. அவர் தட்டோடு போனால் பதினோரு அடிதான். என் தட்டோடு போனபோது நடை நீண்டுவிட்டது. எங்கள் கல்யாணப் போட்டோவைத் தாண்டினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தாண்டினேன். அதில் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"சோறு இன்னும் ஆகலையா?"

"வந்துட்டிருக்கேங்க."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

வியாழக்கிழமை செண்பகத்தின் ஆணி வரைக்கும் வந்து சேர்ந்தேன். கையில் தட்டு இருந்ததால் அவள் தாளைப் பல்லால் கிழித்தேன்.

"இன்னைக்கு எப்படி?"

"கடகத்துக்கு அலைச்சல்க்கா."

"திரும்பிப் போயிரட்டுமா செண்பகம்?"

"திரும்பினா எட்டிப் பிடிக்கிற தூரம்தான்."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். அடுப்பு அங்கேயே தெரிந்தது. வாணலி தெரிந்தது. கரண்டி எனக்காகவே சாய்ந்திருந்தது. முன்னால் பார்த்தேன். கூடம் பேருந்து நிறுத்தம் அளவு தூரத்தில் இருந்தது.

முன்னால் நடந்தேன். தட்டில் சோறு மட்டும் ஆறாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூடத்துக்குள் நுழைந்தேன். ஆய்வாளர் வந்துவிட்டிருந்தார். கூண்டுப் பக்கம் தராசோடு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் சாப்பாட்டு மேசைக்கு நாலு நாற்காலி. ஒன்றில் அவர். ஒன்றில் ஆய்வாளர். ஒன்றில் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி. நாலாவதில் பழைய பேப்பர் கட்டு. பேப்பரை இறக்கி வைத்தேன். அடியில் இருந்த நாற்காலி கடையில் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் பிரிக்காமல் இருந்தது. அப்படியே உட்கார்ந்தேன். சரசரவென்று சத்தம் வந்தது.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அவர் உதடு அசைந்தது.

"எனக்கு?" என்றது கிளி.

"அடுப்பு மேல இருக்கு. போட்டுக்குங்க."

அவர் எழுந்தார். என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி சமையலறைப் பக்கம் போனார். அவருக்குப் பின்னால் நடை நீளத் தொடங்கியது. "கால் பாத்து வைங்கண்ணா," என்று செண்பகம் சொல்வது கேட்டது.

நான் ஒரு கொத்தவரங்காயை வாயில் போட்டு மென்றேன். கிளி தலையைச் சாய்த்தது. இன்னொன்றை மென்றேன். கிளி கம்பியோரமாக நகர்ந்து வந்தது. மூன்றாவதை எடுத்தபோது மூக்கை வெளியே நீட்டியது.

கொடுத்தேன்.

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கிளி ஒரு காலால் காயைப் பிடித்துக்கொண்டு கடித்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றது. முழுங்கியது. பிறகு என்னைப் பார்த்து, அவர் குரலில், நிதானமாகச் சொன்னது.

"உப்பு கம்மி."

நான் என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். கம்மிதான். முப்பத்தெட்டு வருடமாகக் கம்மியாக இருந்திருக்கிறது.

ஆய்வாளர் ஃபாரத்தில் முத்திரை குத்தினார்.

"கிளி பாஸ். ஒரே ஒரு கேள்வி பாக்கி. குரல் இதுக்குள்ளயே இருக்கட்டுமா, நாங்க எடுத்துக்கட்டுமா? கூடத்துல உக்காந்து சாப்பிடறவங்கதான் இதுக்குப் பதில் சொல்லணும். உங்க வீட்டுல யாரு அது?"

கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன்.

"நான்தான் சார்."

"அப்ப சொல்லுங்கம்மா."

நடையின் அந்தக் கோடியிலிருந்து வாணலியில் கரண்டி சுரண்டுகிற சத்தம் லேசாகக் கேட்டது. நின்றபடி சாப்பிடுகிற சத்தம் எனக்குத் தெரியும். கிளி வாயை மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்தது.

பொரியலில் கொஞ்சம் உப்புத் தூவிக்கொண்டேன்.

"சொல்றேன்," என்றேன்.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தபடி இன்னும் உட்கார்ந்திருக்கிறார். மத்தியானம் அவருக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறேன். கொத்தவரங்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறார். கிளி எடுத்துக்கொள்கிறது.